வியாழக்கிழமைப் படகுகள்

14 ஜனவரி 2025

நான்கு அபாயா வெட்டினேன், மூன்று தைத்தேன். மழை விட்டபாடில்லை. உள்துறைமுகத்தில் ஒரு கோதுமைக் கப்பல் காலையிலிருந்து ஊதிக்கொண்டே இருந்தது. யாரைக் கூப்பிடுகிறதோ.

தைக்கும்போது போனில் ஏதாவது ஓடவேண்டும் எனக்கு. கையும் காலும் மெஷினுக்கு என்றால் காது சும்மாதானே இருக்கிறது. இன்று மௌலவியின் பயான் முடிந்ததும் தானாக ஒரு வீடியோ வந்தது. முக்காடு போட்ட ஒரு பெண். முழங்கால் வரைக்கும் ரப்பர் சப்பாத்து. மீனை வாலில் தூக்கிக் காட்டிக் கூவுகிறாள். எங்கள் மூதூர்ப் பக்கத்து ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதே சூரை, அதே பாரை, அதே வாய். ஆனால் ஒரு சொல் விளங்கவில்லை. பிறகு பார்த்தால் இந்தோனேசியாவாம், அச்சே என்ற இடமாம். பெயர் நூர்மாலா. போனில் நேரலை போட்டு மீன் விற்கிறாள்.

நிறுத்துவோம் என்று விரலை வைத்தேன். அப்போது அவள் ஐஸ் நிரப்பிய ஒன்றின் மேல் தட்டி, "சாத்து பெட்டி!" என்றாள்.

பெட்டி. அவள் தட்டியதும் பெட்டியைத்தான். மெஷினை நிறுத்திவிட்டு இன்னும் ஒருமுறை சொல்வாளா என்று காத்திருந்தேன். சொன்னாள்.

றுவைஸ் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ஊட்டுல மீன் நாறுறது போதாதெண்டு போனிலயும் நாறணுமா புள்ள?" என்றார். மீன்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது?

22 ஜனவரி

இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சொற்களை எழுதத் தொடங்கிவிட்டேன். அவர்கள் மேசையை 'மேஜா' என்கிறார்கள். அலுமாரி 'லெமாரி'. யன்னல் 'ஜெண்டேலா'. சப்பாத்து 'செப்பாத்து'. உட்காருகிற வாங்கு கூட 'பங்கு'தான். கப்பல் 'கபால்'. என் வீட்டுச் சாமான்களை யாரோ அள்ளிக்கொண்டுபோய் அந்தப் பெண்ணின் வாயில் அடுக்கிவைத்த மாதிரி இருக்கிறது.

மகளிடம் காட்டினேன். ஸல்ஹாவுக்குப் பதின்மூன்று வயது, எல்லாம் தெரியும். "பறங்கியாக்கள் அங்கயும் போனதானே உம்மா, ஸ்கூல்ல படிச்சம்," என்றாள், ஏதோ நேற்று நடந்ததைப் போல. சரி, மேசையும் யன்னலும் அவன் கொண்டுவந்ததென்றே வைத்துக்கொள்வோம். பெட்டி? கப்பல்? அதெல்லாம் யார் கொண்டுபோனது? எந்தக் காலத்தில், எந்தக் காற்றில்? ஸல்ஹா வரலாற்றுப் புத்தகத்தைத் தேடிப் புரட்டினாள், அதில் இல்லை. எனக்கு அது ஒரு சந்தோசம்.

30 ஜனவரி

அங்கேயும் மழை. இறங்குதுறைப் படியில் நூர்மாலாவின் ஒரு செருப்பை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. "ஹன்யூட்! ஹன்யூட்!" என்று சிரித்துச் சிரித்துக் கத்தினாள். அடித்துக்கொண்டு போகிறது. எழுதிவைத்தேன்.

19 பெப்ரவரி

இப்போது அவர்களுடைய ரேடியோவும் கேட்கிறேன். காலை ஓதல், காலநிலை, பற்பசை விளம்பரம், பாட்டு, நேயர்கள் கூப்பிட்டுக் கதைப்பது. விளங்காததை விளங்காமலே விட்டுவிடுவதுதான் வழி. சின்னப் பிள்ளையும் அப்படித்தானே கேட்கிறது? அது அகராதியா வைத்திருக்கிறது?

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். நூர்மாலா வியாபாரம் செய்வது ஒரு மொழியில். பக்கத்துக் கடைக்காரியோடு சண்டைக்குப் போவது இன்னொரு மொழியில். சண்டை மொழியில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. விசாரித்துப் பார்த்தால் அதுதான் அவர்களுடைய ஊர்ப் பாசையாம், மற்றது நாட்டுப் பாசையாம். அவளுக்கும் இரண்டு வாய். எங்களுக்கு இது புதினமா என்ன?

6 மார்ச்

நோன்பு. கஞ்சியை ஆறவைத்துவிட்டு ரேடியோவைப் போட்டேன். அங்கே மஃரிப் பாங்கு சொல்கிறார்கள்! எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கிறது. அந்தப் பாங்கு கடலைத் தாண்டி மெதுவாக நடந்து வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். வழியில் எத்தனை கப்பலைத் தாண்டி வரவேண்டும் அதற்கு. சுப்ஹானல்லாஹ். எங்கள் கடலோர ஜமாலியாவில் இருந்துகொண்டு இத்தனை வருடமாக அந்தக் கடலை மீன் வருகிற இடமாக மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

றுவைஸிடம் சொன்னேன். "பசியில உனக்கு இப்பிடித்தான் வரும்," என்றார். ஆனால் அவரும் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார், நான் கண்டேன்.

3 ஏப்ரல்

துணியை மெஷினில் விட்டபடியே எழுதுகிறேன்.

ஓவர்லொக் அடித்துக்கொண்டிருந்தேன். கவனம் முழுக்கத் துணியில். நூர்மாலா மீன் கழுவிக்கொண்டே யாரோ கேட்டதற்குப் பதில் சொன்னாள்: "அம்மா எனக்கு இல்லை. அந்தப் பெரிய தண்ணியோடு போய்விட்டா. நான் தென்னையைப் பிடித்தேன், அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுத பிறகுதான் யோசித்தேன். அவள் தமிழிலா சொன்னாள்?

ஒரு சொல்லைக்கூட நான் மொழிபெயர்க்கவில்லை. நேராக வந்து உள்ளே இறங்கிவிட்டது. எப்படி? எந்த வாசலால்?

என்னுடைய உம்மாவும் அதே சுனாமித் தண்ணியில்தான் போனா, கிண்ணியாவில், அதே நாள் காலையில். அந்தத் தண்ணி முதலில் அவள் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் என் வீட்டுக்கு வந்தது. இருபது வருடமாக எங்கள் இருவருக்கும் ஒரே சாவு, ஒரே மையத்து வீடு. தெரியாமல் இருந்திருக்கிறோம்.

17 ஏப்ரல், வியாழன்

வியாழக்கிழமைகளில் நூர்மாலாவின் நேரலை ஏன் இவ்வளவு நீளம் என்று இன்று விளங்கியது. அங்கே வெள்ளிக்கிழமை யாரும் தொழிலுக்குப் போகக்கூடாதாம். கடலுக்கென்றே பழைய சட்டம் இருக்கிறதாம், அதைப் பார்க்க ஒரு பெரியவரும் இருக்கிறாராம். ஆகவே வியாழன் பின்னேரம் எல்லாப் படகும் கரைக்கு வந்துவிடும். கடைசிப் படகும் வந்த பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "எல்லோரும் வீட்டுக்கு வந்தாச்சு," என்று சொல்லித்தான் நேரலையை முடிப்பாள்.

இன்னொரு சட்டமும் சொன்னாள். கடல் அடித்துக்கொண்டு வருகிற மனுசரைக் கண்டால், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்கக்கூடாது. வலையை விட்டுவிட்டு ஆளைக் கரை சேர்க்கவேண்டும்.

சோறு போடும்போது இதை றுவைஸிடம் சொன்னேன். "அப்ப அந்தப் பக்கம் போய்ப் படகு கவுண்டாலும் பயமில்ல எண்டு சொல்லு," என்று சிரித்தார். கரண்டியால் தோளில் ஒன்று வைத்தேன்.

9 மே

காலையில் கொட்பே மீன்பிடித் துறையிலிருந்து போனார்கள். குலசிங்கம் அண்ணருடைய பலநாள் படகு. ஐந்து பேர். யோகலிங்கம் அண்ணன்தான் எப்போதும்போலப் படகுக்குத் தலைவர். நெற்றி நிறையத் திருநீறு. றுவைஸ் என்ஜினுக்கு. இருபத்தைந்து நாள் என்கிறார்கள். குலசிங்கம் அண்ணர் வீட்டில் ரேடியோ செட் இருக்கிறது. பின்னேரத்தில் ஒருதரம் கதைத்துவிட்டு எங்களுக்கு போனில் கோல் எடுத்துச் சொல்வார்.

18 மே

இன்று கோல் வரவில்லை. செட்டில் இரைச்சலாக இருக்கும்.

21 மே

இல்லை.

2 ஜூன்

குலசிங்கம் அண்ணர் வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. "தங்கச்சி, ஒவ்வொரு நாளும் கூப்பிட்டுப் பாக்கிறன். கடைசியாக் கதைக்கேக்க என்ஜினில கோளாறு எண்டு யோகன் சொன்னவன். நேவிக்கும் தகவல் குடுத்தாச்சு, மற்றப் படகுகளுக்கும் சொல்லியாச்சு," என்றார்.

"என்ஜின் நிண்டா எங்க போவாங்க அண்ணே?"

"இந்த மாசத்தில நீரோட்டம் கிழக்க இழுக்கும்."

"கிழக்க என்ன இருக்கு?"

"ஒண்டுமில்ல தங்கச்சி. ஆயிரம் மைலுக்கு வெறுங்கடல். அங்கால சுமாத்திரா."

சுமாத்திரா. அச்சே இருக்கிற தீவு. என் கொப்பியின் கடைசிப் பக்கம். ஓடிப்போய்க் கொப்பியை எடுத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டேன். அவர் பயந்துபோய் ஸல்ஹாவைக் கூப்பிட்டார். பயத்தில் குந்தவில்லை நான். பயமும்தான். ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று என்மேல் கைவைத்த மாதிரி இருந்தது. உலகத்தில் எத்தனை மொழி கிடக்கிறது, யா அல்லாஹ். என்னை எதற்காக அந்த மொழியின் யன்னலில் கொண்டுபோய் இருத்தினாய்?

7 ஜூன்

ஹஜ்ஜுப் பெருநாள். தைக்கவில்லை. ரேடியோவை நிறுத்தவுமில்லை.

19 ஜூன், வியாழன்

அன்ஸார் மச்சான் வந்தார். றுவைஸின் மூத்த சகோதரர், நல்ல மனுசன். இன்றைக்கு அந்த நல்ல மனுசனைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பது நாளாகிவிட்டது, மையத்து கிடைக்காமலே ஜனாஸாத் தொழுகை தொழுது, ஆட்களுக்குச் சோறு கொடுத்துக் கத்தம் ஓதிவிடுவோம் என்கிறார். அதற்குப் பிறகு நான் இத்தா இருக்கவேண்டும், வெள்ளை உடுத்துக்கொண்டு நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள்ளே, புருசன் மௌத்தானவளாக.

மௌலவியிடம் கேட்டால், கண்ட சாட்சி இல்லாமல் அவசரப்பட ஒன்றுமில்லை என்கிறார். அதை மச்சானிடம் சொன்னேன்.

"உன்ன வெள்ளச் சீலையில இருத்துறது எனக்கு ஆசையா சுஹைரா? ஸல்ஹா ஒவ்வொரு நாளும் வாப்பாவப் பாத்து வாசல் கேட்டடியில நிக்கிறா. அத என்னால பாக்க ஏலா. எத்தின நாளைக்கு அந்தப் புள்ள நிக்கிற?"

ஸல்ஹா நிற்பது உண்மைதானே. ஜூலை பதினொன்று, வெள்ளிக்கிழமை என்று நாள் வைத்துவிட்டுப் போனார். நான் ஓம் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கோணும். ஏன்டி சொல்லல்ல?

26 ஜூன், வியாழன்

முதன்முதலாக நூர்மாலாவின் நேரலையில் எழுதினேன், அவளுடைய மொழியில். காலையெல்லாம் யோசித்து மூன்று வரி. என் புருசன் றுவைஸ், ஐந்து பேர், இலங்கைப் படகு, காணவில்லை. அனுப்பிய மறு நொடியே இரண்டு கிலோ சூரை கேட்டவர்கள், தலை வேண்டாம் என்றவர்கள் எல்லோருடைய வரிகளும் வந்து அதை மேலே தள்ளிவிட்டன. அவள் காணவில்லை.

3 ஜூலை, வியாழன்

ஒருதரம் போட்டு என்ன வரும்? பதினேழு தரம் போட்டேன். வெட்கத்தைப் பார்த்தால் காரியம் ஆகுமா? பதினெட்டாவதில் நூர்மாலா மீனைக் கீழே வைத்தாள். போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் என் எழுத்தை உரக்க வாசித்தாள்.

என் சொற்கள் அவள் குரலில். என் புருசனின் பெயரை அவள் சொன்னாள், அச்சேயில், மீன்களுக்கு நடுவில் நின்று. பக்கத்துக் கடைக்காரி, எப்போதும் இவளோடு சண்டை பிடிப்பவள், வந்து தோளில் கைவைத்து நின்றாள்.

"தங்கச்சி, என் தம்பியும் கடலில்தான் இருக்கிறான். எல்லாப் படகுக்கும் செட்டில் சொல்லச் சொல்கிறேன். கடல் அடித்துக்கொண்டு வருகிறவரை விட்டுவிட்டு வர எங்களுக்குச் சட்டம் இல்லை," என்றாள் நூர்மாலா. அன்றைக்குச் செருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்ன அதே ஹன்யூட். இன்று சிரிக்கவில்லை.

9 ஜூலை

மச்சான் கத்தத்துக்கு ஆட்டைக் கொண்டுவந்து பின்வளவில் கட்டியிருக்கிறார். அது ராத்திரி முழுக்கக் கத்துகிறது. வெள்ளைச் சீலை ஒன்று மடித்தபடி அலுமாரிக்குள் வந்துவிட்டது. யார் வைத்ததோ, அபாயாத் துணிகளுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

10 ஜூலை, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

மூன்றரை மணிக்கு நேரலை தொடங்கியது. நூர்மாலா மீனைத் தொடவேயில்லை. "இலங்கைத் தங்கச்சி இருக்கிறாயா? தையல் தங்கச்சி?" இருக்கிறேன் என்று எழுதினேன்.

தம்பியின் படகு செட்டில் கதைத்ததாம். நீலப் படகு ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்களாம். கரைக்கு இன்னும் ஒரு நாள் ஓட்டம். "லீமா ஓராங்," என்றாள். ஐந்து பேர். நான் கைவிரலை எண்ணினேன், ஐந்து என்றால் எத்தனை என்று தெரியாதவள் மாதிரி. ஐந்து பேருக்கும் உயிர் இருக்கிறது. நாக்கு வீங்கிப்போய் ஒருத்தருக்கும் கதைக்க வரவில்லை, எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுகிறார்கள். அடையாளக் கடதாசி ஒன்றும் இல்லை, பெயர்ப்பலகை உப்பில் அழிந்துவிட்டது. "உன் ஆட்களா, பங்களாதேசா, பர்மாவா, எங்களுக்குத் தெரியவில்லை. பொய் நம்பிக்கை தந்தால் எனக்குப் பாவம்," என்றாள்.

அந்நேரம் வீட்டில் அன்ஸார் மச்சான் இருந்தார், நாளைக்கு ஆளெண்ணிக்கை பார்க்க வந்தவர். குலசிங்கம் அண்ணரும் இருந்தார், கத்தத்துக்கு அரிசி கொண்டுவந்தவர். நான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மச்சான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மீன் விக்கிற பொம்பிள சொல்றாவெண்டு மையத்துத் தொழுகைய நிப்பாட்டுறதா? நீலப் படகு ஊருக்கெல்லாம் இருக்கு புள்ள."

நான் நூர்மாலாவிடம் கேட்டேன். என்ன செய்தார்கள் அவர்கள்? தம்பியின் படகில் ஏறினதும் என்ன செய்தார்கள், அதைச் சொல்லு ராத்தா, உன் தங்கச்சி கேட்கிறேன்.

தம்பி செட்டில் சொன்னதை அவள் சொன்னாள். தண்ணி குடித்ததும் ஒருவர் கைகளை ஏந்தி, வாயை மட்டும் அசைத்து துஆக் கேட்டாராம். அதைப் பார்த்து இவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள் என்று நினைத்தார்களாம். ஆனால் வயது கூடின இன்னொருவர் சோற்றைத் தொடாமல் தவழ்ந்து தவழ்ந்து அடுப்படிக்குப் போனாராம். மூன்று விரலால் அடுப்புச் சாம்பலை எடுத்து நெற்றியில் இழுத்தாராம். பிறகு துஆக் கேட்டவரும் அவரும் ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டார்களாம். "இவர்கள் எந்த நாட்டு மனுசர் என்று என் தம்பி கேட்கிறான்," என்றாள்.

இதை நான் சொல்லி முடிக்கவில்லை, குலசிங்கம் அண்ணர் தலையில் கையை வைத்துவிட்டார்.

"யோகன்! வெருகல் முருகனுக்கு நேத்தி வைச்சவன் தங்கச்சி. திருநீறு முடிஞ்சாலும் அடுப்புச் சாம்பலப் பூசாமச் சோத்தில கைவைக்க மாட்டான். நாங்கள் பகிடி பண்ணுறனாங்கள். ஐயோ, அது யோகன்தான்!"

ஒரே கோப்பையில் சாப்பிட்டவர் யாரென்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடமாக அந்த மனுசனுக்குத் தனிக் கோப்பையில் சாப்பிடத் தெரியாது.

மச்சான் எழும்பிப் பின்வளவுக்குப் போனார். அங்கே அவர் விக்கி விக்கி அழுவது கேட்டது. ஸல்ஹா கேட்டடியிலிருந்து ஓடி வந்தாள்.

நூர்மாலாவுக்கு எழுதினேன். எழுதும்போது சொற்களைத் தேடவில்லை. அது என் கணவர். அவர்கள் எங்கள் நாட்டு மனுசர். இங்கே நாங்கள் இப்படித்தான்.

11 ஜூலை, வெள்ளி

ஆட்டை அறுத்தோம். கத்தத்துக்கு வரச்சொன்ன அத்தனை பேரும் வந்து சாப்பிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

13 ஜூலை

நூர்மாலா வீடியோ கோல் எடுத்தாள், ஆஸ்பத்திரியிலிருந்து. ஒரு முகத்தைக் காட்டினாள். தாடி, எலும்பு, கண். ஸல்ஹா, "வாப்பா," என்று மட்டும் சொன்னாள். அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கையைத் தூக்கி, கரண்டியால் அடிப்பதுபோலக் காட்டினார்! நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது.

பிறகு நூர்மாலா போனைத் தன் பக்கம் திருப்பினாள். "தங்கச்சி, உனக்கு எங்கள் மொழியை யார் படிப்பித்தது?"

"நீதான் ராத்தா. மீன் விற்று விற்று."

அவள் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

4 செப்டம்பர்

ஐந்து பேரும் வீட்டுக்கு வந்து ஒரு வாரம். இவர் நடக்கிறார், சாப்பிடுகிறார், ஸல்ஹாவின் கணக்குக் கொப்பியைப் பார்க்கிறார். கடல் பக்கத்து யன்னலை மட்டும் திறக்க விடுவதில்லை. நான் ரேடியோவைப் போட்டதும் முகம் மாறிவிட்டது. "அத நிப்பாட்டு புள்ள. அந்தப் பாசையக் கேட்டாக் கடல் தண்ணி ஏறி வருது," என்றார். நிறுத்திவிட்டேன். இனி ஹெட்போனில்தான். எனக்கு உயிர் தந்த பாசை அவருக்கு மரண பயம் என்றால் யாரைக் குறை சொல்ல?

18 செப்டம்பர்

யோகலிங்கம் அண்ணன் வந்துபோனார். இவரும் அவரும் ஒரு மணி நேரம் முற்றத்தில் இருந்தார்கள். நான் இனிப்புக்கு அவித்த வட்டிலப்பத்தை ஒரே கோப்பையில் சாப்பிட்டார்கள்.

9 ஒக்டோபர், வியாழன்

பின்னேரம் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தேன். ஹெட்போன் ஒரு பக்கம் செத்துவிட்டது. சரி என்று கழற்றி வைத்துவிட்டுச் சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, போனை மெஷினுக்குக் கீழே வைத்தேன். இவர் மேசையில் பூட்டு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்காது என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதிரை இழுபடுகிற சத்தம். வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். நான் நிறுத்தப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டு."

கூட்டினேன். நூர்மாலா இறங்குதுறையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் முற்றத்தில் இன்னும் நல்ல வெயில். ஒரு படகு வந்து அணைந்தது, பிறகு இன்னொன்று. இவர் கண் வெட்டாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?" என்று கேட்டார்.

"எல்லாரும் ஊட்டுக்கு வந்தாச்சாம்," என்றேன்.

"ஆ," என்றார். எழும்பிப் போய்க் கடல் பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டார்.